எபனேசருக்குக் கால் வளர்ந்த வாரம்

எபனேசர் கடைக்கு வருவதை நான் நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஒரு கால் அழுத்தமாகவும் மறுகால் இழுத்தும் சிமெண்டுப் படியில் விழும் சத்தம் எங்கள் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான். அன்று காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை. யாரோ புது ஆள் என்று நினைத்து, "உக்காருங்க, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"உக்கார வரல அண்ணாச்சி. நிக்க வந்திருக்கேன்."

நிமிர்ந்தேன். எபனேசர்தான். தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றான். வலது காலில் பேன்ட் செருப்பைத் தொட்டது. இடது காலில் ஒரு இஞ்சு மேலே ஏறிக் கணுக்கால் வெளியே தெரிந்தது.

"என்னலே இது, பேன்ட் சுருங்கிட்டா?"

"பேன்ட் சுருங்கல. கால் வளந்துட்டு."

வாயில் கவ்வியிருந்த ஊசியை முதலில் எடுத்து வைத்தேன். இந்தத் தொழிலில் ஆச்சரியப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

"நேத்து சாயங்காலம் மைதானத்துல நடக்குத சுகமளிக்கும் கூட்டத்துல ஊழியக்காரரு நாற்காலில உக்கார வச்சு, ரெண்டு காலையும் பிடிச்சு ஜெபிச்சாரு. ரெண்டு இஞ்சு வளந்துட்டு" என்றான்.

"உனக்குக் குறைஞ்சது ஒரு இஞ்சுதானலே?"

"மைக்ல ரெண்டுன்னு சொன்னாரு. நீங்க மடிப்பைப் பிரிச்சு விடுங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

எபனேசர் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறான். அப்போது வயது முப்பத்து மூன்று. ஏற்றிய லாரி எவ்வளவு, காலி லாரி எவ்வளவு என்று நாள் முழுக்க எடை பார்த்துச் சீட்டு எழுதுகிறவன். அவனே இப்படி வந்து நின்றது எனக்கு என்னவோ போல் இருந்தது.

நோட்டில் இருந்த கால்

முத்தையாபுரத்தில் என் கடையைச் செல்லையா மாஸ்டரிடமிருந்து வாங்கினேன். இரண்டு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, நாலு அளவு நோட்டு. கடையைக் கொடுத்த சில மாதங்களில் மாஸ்டர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். நோட்டுகள் மட்டும் என்னிடம் தங்கின. ஊரில் பாதிப் பேருடைய இடுப்பும் தொடையும் அதில் இருந்தன.

எபனேசரின் பக்கத்தில் மாஸ்டர் எழுதியிருந்தது இதுதான்: உயரம், வலது நாற்பது, இடது முப்பத்தொன்பது. அதற்குப் பக்கத்தில் "கட்" என்று ஆரம்பிக்கிற ஒரு சொல். மீதி எழுத்தின் மேல் மிஷின் எண்ணெய் கொட்டி, பழுப்பாகப் பரவியிருந்தது.

பையன் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான், இடது அளவு குறைவு, பக்கத்தில் "கட்". கால் கட்டை என்று நான் படித்துக்கொண்டேன். பதினாறு வருடமாக அவனுக்கு இடது காலில் ஒரு இஞ்சை உள்ளே மடித்துக் குறைத்தே தைத்தேன். அவன் சாய்ந்து நின்றால் இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைப் பார்த்து என் வேலையை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வாரத்துக்கு இரண்டு வருடம் முன்னால் சாயர்புரத்திலிருந்து அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் பியூலா, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சாயர்புரம் எனக்கும் சொந்த ஊர் என்பதால் பெண்ணின் அப்பா கடைக்கே வந்து விசாரித்தார். "பையன் தங்கமான பையன். கால் மட்டும் ஒரு இஞ்சு கட்டை" என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். சம்பந்தம் நின்றுபோனது.

உண்மையைச் சொன்ன திருப்தியில் அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நானே தைத்த சட்டை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் பள்ளிச் சீருடை பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "தசராவுக்குத் தைக்கிறதைப் பத்தி எழுதலையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் போடுகிறவர்களுக்கு என் கடையில் நிறையத் தைப்போம். நான் வேதக்காரன்தான். ஆனாலும் காளிக்கு ஜாக்கெட் தைக்கையில் ஒரு நூலைக்கூடக் கூடவோ குறையவோ விட்டதில்லை. சுடலை என்று ஒரு புரோட்டா மாஸ்டர், வருடாவருடம் நேர்ந்துகொண்டு போலீஸ் வேடம் போடுவான். ஒரு வருடம் வேடத்தோடு நம் முக்கில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டி, லைசென்ஸை எடுத்து நீட்டிவிட்டார். சுடலையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, பாத்துப் போங்க" என்று கொடுத்தான்.

அதே சுடலை சற்று நேரத்தில் என் கடை வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினான். நான் சட்டென்று எழுந்து நின்றேன். முந்தின நாள் நானே தைத்த சட்டை. தோள்பட்டை நட்சத்திரத்தை நானே ஒட்டினேன். அதற்கு நானே எழுந்து நின்றேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வாரம் என்னை யாரும் ஏமாற்றியதாக நினைத்துவிடக் கூடாது. ஏமாறுவதற்கு எனக்கு அடுத்தவர் உதவி தேவைப்படுவதில்லை.

எண்ணெய்க் கறை

எபனேசர் போன கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. சகோதரர் சைலஸ். கூட்டம் நடத்துகிற ஊழியக்காரருக்கு வலது கை. வெள்ளைச் சட்டை, நல்ல தையல், காலர் மட்டும் கொஞ்சம் கோணல்.

"அண்ணாச்சி, நீங்கதான் எபனேசருக்குத் தைக்கிறவரு. உங்க நோட்டு இருக்குல்லா, அதுதான் சாட்சி. நாளைக்குக் கடைசிக் கூட்டம். நீங்க மேடையில வந்து நோட்டைக் காட்டணும்."

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். விரலால் தடவிப் படித்தவர் கறைக்கு வந்ததும், "கட்டை. பளிச்சுன்னு இருக்கு" என்றார். அங்கே பளிச்சென்று இருந்தது எண்ணெய் மட்டும்தான்.

அவர் போன சூடு ஆறுவதற்குள் எங்கள் சபைப் போதகர் வந்தார். எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அங்கிகளையும் என் கடையில்தான் தைக்கிறோம். ஒரு வாரமாக அவர் கோயிலில் மாலை ஜெபத்துக்கு ஆளே இல்லை, எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள்.

"நோட்டைக் காட்டும்" என்றார். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இது கட்டைன்னு யாரு சொன்னா? கட்டு. எபனேசரோட அம்மையைக் கேட்டுட்டுத்தான் வாரேன். பதினேழு வயசுல பைக்ல விழுந்து காலுக்குக் கட்டுப் போட்டிருக்கு. கட்டோட, காலை நேரா ஊன முடியாம நின்னு அளவு கொடுத்திருக்கான், அதான் ஒரு இஞ்சு குறைவு. மாஸ்டர் அதைத்தான் எழுதியிருக்காரு. ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீரு வந்து இதைச் சொல்லணும்."

ஒரே கறை. சைலஸுக்கு அதில் கட்டை தெரிந்தது, ஐயாவுக்குக் கட்டு தெரிந்தது. வேதத்துக்கு வியாக்கியானம் எழுதுகிறவர்கள் ஏன் அவ்வளவு தடித்த புத்தகங்களாக எழுதுகிறார்கள் என்பது எனக்கு அன்று விளங்கியது.

மத்தியானம் சாப்பிடப் போனபோது ஜெயராணியிடம் இதைச் சொன்னேன். ஜெயராணி என் மனைவி. தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவள், அவள் விசுவாசத்தில் கால்வாசி எனக்குக் கிடையாது. ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சரி, நீங்க அளந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"நோட்டுல முப்பத்தொம்பது."

"நோட்டுல இல்ல. நீங்க அளந்தப்ப."

ரசம் இலையில் ஓடியது. நான் அளக்கவே இல்லை. புதுப் பேன்ட் தைக்க வரும்போதெல்லாம் இடுப்பை மட்டும் ஒருதடவை பிடித்துப் பார்ப்பேன். வளர்ந்த ஆளின் உயரம் எங்கே போகப்போகிறது என்று நோட்டையே பார்த்து வெட்டினேன். பதினாறு வருடம்.

"நல்லா இருக்கு" என்றாள். "நீங்க போயி ஊழியக்காரருகிட்ட, அளந்து பாத்தீங்களான்னு கேக்கப் போறியளாக்கும்."

டீச்சர் வந்தாள்

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பியூலா வந்து கடை வாசலில் நின்றாள். சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. தைக்கக் கொடுக்க வந்தவள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, அவரு கால் வளந்துட்டுன்னு ஊரெல்லாம் வீடியோ சுத்துது. எங்க அப்பா மறுபடியும் பேசலாங்கறாரு."

"நல்ல விசயந்தானம்மா."

"எனக்கு அப்பவும் காலைப் பத்திக் கவலை இல்ல. அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமான்னு நான் கேட்டேன். 'தெரியாது, முட்டை மட்டும் அவிப்பேன், அதுலயும் பாதி வெடிச்சிரும்'னு சொன்னாரு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இப்ப மேடையேறி ரெண்டு இஞ்சு வளந்துட்டுன்னு சொல்லுதாரு. அவரு பொய் சொல்லுத ஆளா இல்லையா, அது எனக்குத் தெரியணும்."

நான் நோட்டை எடுத்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

"அது இருக்கட்டும். டேப் இருக்குல்லா? ஆளைக் கூப்பிடுங்க."

எபனேசருக்குப் போன் செய்தேன். அவன் வருவதற்குள் செய்தி எப்படிப் போனதோ, சைலஸும் வந்துவிட்டார், ஐயாவும் வந்துவிட்டார். எபனேசர் பியூலாவைப் பார்த்ததும் படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றான். நேராகத்தான் நின்றான்.

கட்டிங் டேபிள்

எப்படி அளப்பது என்பதிலேயே தகராறு. நிற்க வைத்து அளக்கலாம் என்றேன். சாய்ந்தால் மாறிவிடும் என்றாள் பியூலா. கட்டிங் டேபிளில் துணியை ஒதுக்கிவிட்டு எபனேசரை மல்லாக்கப் படுக்க வைத்தோம். இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் எலும்புவரை அளக்கச் சொன்னாள். சைலஸ் பாய்ந்து போய்ப் பாதங்களைப் பிடித்தார்.

"நீங்க காலைப் பிடிக்காதீங்க" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வலது காலை அளந்தேன். இடது காலை அளந்தேன். திரும்பவும் அளந்தேன்.

"என்ன அண்ணாச்சி?" என்று படுத்துக்கொண்டே கேட்டான் எபனேசர்.

"இடதுதான் வலதைவிடக் கால் இஞ்சு கூட இருக்குலே."

எபனேசர் தலையைத் தூக்கித் தன் காலையே பார்த்தான். சைலஸ்தான் முதலில் தெளிந்தார்.

"நிரம்பி வழியக் கொடுக்கிறவர் ஆண்டவர்" என்றார்.

"கூடக் கொடுக்கதுக்கு அவருக்கு அளவு தெரியாதா?" என்றார் ஐயா. "இது ஆவியானவர் செய்த வேலையே இல்ல."

"அப்ப யாரு செஞ்சாங்கறீங்க?"

"டெய்லர் அளந்ததுல தப்பு இருக்கும்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பியூலா குறுக்கே புகுந்தாள். "ஒரு ஆளை மட்டும் அளந்தா ஒண்ணும் தெரியாது. ஐயா, நீங்க படுங்க."

ஐயா மறுத்துப் பார்த்தார். ஆனால் பியூலாவுடையது வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல். வெள்ளை அங்கியோடு அவர் டேபிளில் ஏறிப் படுத்தார். அவருக்கு இடது கால் வலதைவிட அரை இஞ்சு குறைவு. அடுத்து சைலஸ். அவருக்கு வலதுதான் இடதைவிடக் கால் இஞ்சு குறைவு. பிறகு நான் படுத்தேன், பியூலாவே அளந்தாள். எனக்கும் ஒத்து வரவில்லை.

"உங்க மூணு பேருக்கும் யாரும் ஜெபிக்கல. உங்க காலும் ஒண்ணுபோல இல்ல" என்றாள். "மனுசக் கால் இப்படித்தான் இருக்கும்போல."

"அப்ப என் கால் எப்ப கட்டையா இருந்துச்சு?" என்றான் எபனேசர்.

நான்தான் பேச வேண்டியவன். பேசினேன். நோட்டை மட்டும் பார்த்து வெட்டியதை, ஒருநாள்கூட அளக்காததை, பியூலாவின் அப்பாவிடம் நோட்டைக் காட்டியதை எல்லாம் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

எபனேசர் எழுந்து டேபிளின் விளிம்பில் உட்கார்ந்தான். கால்கள் தொங்கின.

"கட்டுப் பிரிச்ச அன்னைக்கு எங்க சித்தப்பா பாத்துட்டு, கால் கொஞ்சம் கட்டையாயிட்டுலேன்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பொறவு உங்க பேன்ட் போட்டேன். சரியா இருந்துச்சு. டெய்லரே வெட்டிட்டாரு, அப்ப கட்டைதான்னு சாஞ்சு நடந்துட்டேன்." தொங்கிய காலை ஆட்டிப் பார்த்தான். "பதினாறு வருசமா அந்த ஒரு இஞ்சுத் துணியை எல்லாம் என்ன செஞ்சீய அண்ணாச்சி?"

"மடிப்புக்குள்ளதான் இருக்குலே. பிரிச்சா வந்துரும்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அடிப்பான் என்று நான் நினைத்திருந்தேன்.

பியூலா சிரிக்கவில்லை. "மேடையில ரெண்டு இஞ்சுன்னு நீங்க சொன்னீங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

"அவரு சொன்னாரு. நான் அல்லேலூயான்னு மட்டும் சொன்னேன்."

"அது போதுமா?"

அவன் குனிந்து செருப்பைத் தேடினான். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஐயாவும் கிளம்பினார். படியில் இறங்கும்போது கவனித்தேன். வரும்போது நேராக வந்தவர், போகும்போது லேசாக நொண்டினார்.

கடைசிக் கூட்டம்

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நோட்டைக் காட்டினாப் போதும்" என்று சைலஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஜெயராணியும் வந்தாள். "உண்மையைச் சொல்லுங்க, ஆனா சுருக்கா சொல்லுங்க" என்றாள்.

சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. மைதானம் நிறைய ஜனம். எபனேசரின் எடை மேடை ஆட்கள் ஒரு வரிசை முழுக்க வந்திருந்தார்கள். அவன் அம்மா முன்வரிசையில் புதுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். நினைத்து வைத்திருந்த எல்லாம் போய், ஒரே ஒரு வாக்கியம் வந்தது.

"நான் அளக்கவே இல்ல."

ஊழியக்காரர் மைக்கை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். "கேட்டீர்களா ஜனங்களே, டெய்லரே சொல்லுகிறார். அளக்கவே முடியாத அற்புதம்."

ஆயிரம் கைகள் உயர்ந்தன. என் வாழ்நாளில் என் பேச்சுக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு எபனேசரை அழைத்தார்கள். நேராக நடந்து வந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவன் அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"கால் வளந்துச்சான்னு எனக்குத் தெரியாது" என்றான். "பதினாறு வருசம் சாஞ்சு நடந்தேன். இந்த ஊழியக்காரரு எந்திரிச்சு நேரா நடன்னு சொன்னாரு, நடந்தேன். அதுக்கு அவருக்கு நன்றி, ஆண்டவருக்கும் நன்றி. ஆனா ரெண்டு இஞ்சுன்னு சொன்னது சரியில்ல. இன்னைக்கு அளந்து பாத்தோம். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம அல்லேலூயான்னுட்டேன். அது என் தப்பு."

ஒருவரும் கை தட்டவில்லை. அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எடை மேடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊழியக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். இந்தத் தடவை வியாக்கியானம் வரவில்லை. கீபோர்டு வாசிக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஏதோ ஒரு கல்யாணப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார்.

எபனேசர் மேடையைவிட்டு இறங்கினான். கால்கள் நடுங்கின. இரண்டும் ஒன்றுபோல நடுங்கின.

பிறகு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. தன் காலையும் அளந்தவன் நான் என்பது அவருக்கு நினைவிருந்தது. எபனேசரின் அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு, அவன் நடக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு இன்றைக்கும் அது அற்புதம்தான். இல்லை என்று சொல்ல என்னிடம் டேப் இல்லை.

நான் சாயர்புரம் போய்ப் பியூலாவின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்ப அன்னைக்கு அளக்காமலா சொன்னீரு?"

"நோட்டுல இருந்துச்சு."

"நோட்டுல யாரு எழுதினது?"

"மாஸ்டரு. அவரு செத்துப்போயிட்டாரு."

உள்ளே இருந்து பியூலா காபி கொண்டுவந்தாள். "அவரு அன்னைக்கு மேடையில பேசினப்ப நானும் அங்கனதான் இருந்தேன் அண்ணாச்சி, பின்னால. அதுவரை வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் நடந்து இப்போது ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் இருவரும் கடைக்கு வந்தார்கள். எபனேசர் பக்கத்துக் கடையில் பழம் வாங்கப் போன நேரம், பியூலா குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்லட்டா? களைச்சுப்போயி வீட்டுக்கு வரும்போது அவரு இன்னும் லேசா சாஞ்சுதான் நடக்காரு. அவருக்கே தெரியாது."

"சொல்ல வேண்டியதுதானம்மா. நீதான எல்லாத்துக்கும் அத்தாட்சி கேட்ட ஆளு."

"சொன்னா நிமிந்துருவாரு" என்றாள். "அந்தச் சாய்வைப் பாத்தாத்தான் எங்க வீட்டு ஆளு வந்துட்டாருன்னு இருக்கு. நீங்களும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு தனியாக அனுப்பிச் சேர்த்த வரி இது: இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கும் வாராவாரம் போகிறது என்பதை, எழுதி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, ஜெயராணிதான் சொன்னாள்.